ஓணான்மலைக்கு இரண்டரை உருண்டை

நாகலாபுரத்துக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில் கிடக்கும் ஓணான்மலை, அளக்க அளக்கக் குறையும். ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை சுமித்ரா அளந்தபோது அடிவாரத்திலிருந்து உச்சி இருநூற்றுப் பதினான்கு மீட்டர் இருந்தது. சனிக்கிழமை இருநூற்றேழு. ஞாயிற்றுக்கிழமை நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்த வாரம் நாகலாபுரத்தில் தக்காளி கிலோ பதினெட்டு ரூபாய்க்கு இறங்கியது. அதைப் பற்றிப் பேசியவர்களில் பாதிப் பேர்கூட மலை இறங்கியதைப் பற்றிப் பேசவில்லை. தக்காளி இறங்கினால் வயிற்றில் அடி, மலை இறங்கினால் யாருக்கு என்ன?

சுமித்ராவுக்குத்தான் கவலை. நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பதினெட்டு வருஷம் சைக்கிள் பந்தயம் ஓட்டி, முட்டி தேய்ந்ததும் பந்தயப் பாதைகளை மதிப்பிடும் வேலைக்கு வந்தவள். மூன்று வாரம் நடக்கும் புதிய பந்தயம் ஒன்றின் பாதையை முழுசாகப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதித் தரும்படி சென்னையிலிருந்து கேட்டிருந்தார்கள். மங்களூரில் தொடங்கி இருபத்தொரு நாள் ஓட்டம், இடையில் இரண்டு நாள் ஓய்வு, சென்னைக் கடற்கரையில் முடிவு. வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்துப் போட்டுப் பத்து நாள் பார்த்தாள். முதல் வாரம் மேற்குத் தொடர்ச்சி மலை, இரண்டாம் வாரம் நீலகிரி. மூன்றாம் வாரம் தோசைக்கல். நீலகிரியில் எவன் முந்துகிறானோ அவன் அதற்கப்புறம் ஏழு நாள் பஸ்ஸில் சீட்டுப் பிடித்தவன் மாதிரி உட்கார்ந்து வந்தாலே ஜெயித்துவிடுவான். யார் ஜெயிப்பார் என்று கடைசி வாரமும் தெரியாமல் இருந்தால்தான் அது பந்தயம், இல்லாவிட்டால் சாமி ஊர்வலம் என்பது அவள் கட்சி. ஆகவே பதினேழாம் நாளில் ஒரு மேடு வேண்டும். திருமலைப் பாதையைக் கேட்கவே முடியாது. மலையேறிப் போகிற சனத்தை நிறுத்தி வைத்துவிட்டு சைக்கிள் விட யாருக்கு மனசு வரும்? தேடித் தேடி அவள் கண்டுபிடித்ததுதான் ஓணான்மலை. சித்தூரில் புறப்பட்டு, நகரி வழியாகச் சுற்றி நாகலாபுரம் வந்து, இந்த மலை ஏறிப் பிச்சாட்டூரில் இறங்கி, நாராயணவனமும் ரேணிகுண்டாவும் கடந்து திருப்பதியில் முடிகிற நாள். முந்தியிருப்பவனை வீழ்த்துகிற அளவுக்குப் பெரிய மலை இல்லை, அவனுக்குத் துணை வருகிறவர்களைக் களைக்க வைக்கிற அளவுக்குப் போதும். துணை போனால் முந்தியவன் தனியாள். அப்புறம் திருப்பதி வரை அவனுக்கு வயிற்றில் புளிதான்.

பந்தய விதிப்படி நூற்றைம்பது மீட்டருக்குக் குறைந்தால் அதை மலை என்று புத்தகத்தில் போட முடியாது. போடாவிட்டால் பதினேழாம் நாள் நெடுஞ்சாலைக்குப் போய்விடும், மூன்றாம் வாரம் செத்துப் போகும். விதியையாவது பேசி வளைக்கலாம். சுமித்ராவின் கையெழுத்தை வளைக்க முடியாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பந்தயத்தில் ஒரு வளைவை அவசரத்தில் ஒரே முறை அளந்து 'பரவாயில்லை' என்று எழுதிக் கொடுத்தாள். அஷ்வின் என்ற இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்த வளைவில் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கி, இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறான். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, அஷ்வினும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து எதையும் மூன்று முறை அளக்காமல் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. மளிகைக் கடைக்காரர் எடை போட்ட துவரம்பருப்பைக்கூட வீட்டில் மூன்று முறை எடை போடுவாள் என்று அவள் கணவர் சொல்வார். அது கேலிக்குச் சொன்னதில்லை.

மூன்று முறையும் மூன்று உயரம் வந்ததும் கருவியைச் சந்தேகப்பட்டு ரேணிகுண்டா போய் வேறு கருவி வாங்கி வந்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்று. செயற்கைக்கோளைக் கேட்டாள், நூற்றெண்பத்தாறு. மலை தேய்கிறது என்ற சேதி ஊராட்சித் தலைவரான சர்பஞ்சு சுரேஷ்பாபு காதுக்குப் போனது. அவர் உதவி செய்வதில் கர்ணன், யோசிப்பதில் கொஞ்சம் கஞ்சன். பந்தயம் வந்தால் மலைமேல் போகும் ஜல்லிப் பாதை தார் சாலையாகும், தார் சாலையானால் அடிவாரத்துக் காலனிக்கு பஸ் வரும் என்று ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டிருந்தார். "பர்வாலேது மேடம், எம்ஆர்ஓ ஆபீஸ்ல தாசில்தார்கிட்ட மாட்லாடி பத்து சர்வேயர கூட்டிக்கினு வரேன். பத்து பேரு அளந்தா ஒருத்தராவது கரெக்டா அளக்க மாட்டாரா?" என்றார் தெலுங்கும் தமிழும் கலந்து. பத்துப் பேரும் கரெக்டாகத்தான் அளந்தார்கள். ஒவ்வொருவர் அளந்ததும் மலை இரண்டு மூன்று மீட்டர் உள்ளே போனது. பத்தாவது ஆள் சங்கிலியைச் சுருட்டியபோது நூற்று அறுபத்தொன்று. உச்சியிலிருந்த வேப்பமரம் முன்பு பிச்சாட்டூர் ஏரிக்கரையிலிருந்து முழுசாகத் தெரியும். அன்று மாலை அதன் தலை மட்டும்தான் தெரிந்தது.

சர்வேயர்கள் கிளம்பிப் போனதும் சுமித்ரா வளைவுக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். சீத்தாப்பழக் கூடையோடு ஏறி வந்த தேன்மொழி அவளைப் பார்த்து நின்றாள். தேன்மொழி அடிவாரத்துக் காலனிக்காரி, வயது முப்பத்து நாலு. நாகலாபுரத்துப் பக்கம் பறிக்கிற பழத்தை மலை தாண்டிக் கொண்டு போய்ப் பிச்சாட்டூரில் விற்கிறவள். நூறு நாள் வேலை இருக்கும்போது மண்வெட்டி, இல்லாதபோது கூடை. பந்தயக்காரம்மா மலையைக் குச்சியும் கண்ணாடியும் வைத்துக் குத்திக்கொண்டே இருப்பதை ஒரு வாரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரே போடாகப் போட்டாள்.

"இன்னாக்கா நீ, பூசணிப் பிஞ்ச பாத்து வெரல நீட்டுவியா? வெம்பிப் பூடாது? இந்த மலையும் அந்த மாதிரிதான்க்கா. நீயும் நீட்டினே, பத்தாத கொறைக்குப் பத்து ஆளக் கூட்டிக்கினு வந்து நீட்டிக்கினு கீற. அது இன்னா பண்ணும், பாவம்."

சுமித்ராவுக்கு முகம் சுருங்கிப் போனது. இந்த நியாயம் அவளுக்குத் தெரியாததா? நகரி வீட்டில் பந்தல் காயைச் சுட்டிக் காட்டியதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி எத்தனை. காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்ட வேண்டும். காய்க்குப் பொருந்துவது மலைக்கும் பொருந்தும் என்று இத்தனை படித்தும் தோன்றவில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அளக்கிற கருவியை மடக்க முடியுமா என்றும் கொஞ்ச நேரம் யோசித்தாள். முடியாது.

காய் என்று தெரிந்துவிட்டால் வைத்தியமும் தெரிந்த மாதிரிதானே என்று ஊர் கிளம்பிவிட்டது. புடலங்காய் சுருண்டுகொண்டால் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள், காய் நேராக நீளும். மலைக்கும் கட்டலாம் என்று முடிவானது. மலைக்கு எது காம்பு, எது நுனி என்பதில் இரண்டு நாள் சண்டை. நாகலாபுரத்துக்காரர்கள் காம்பு தங்கள் பக்கம் என்றார்கள், பிச்சாட்டூர்க்காரர்கள் விட்டுக்கொடுத்தார்கள். பிச்சாட்டூர்ப் பக்கச் சரிவிலிருக்கும் புளியமரங்களில் பன்னிரண்டு கல்லைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள். மலை கேட்டது. ஆனால் புடலங்காய்க்குச் சொன்ன வைத்தியத்தைக் கேட்டால் புடலங்காய் மாதிரிதானே கேட்கும்? உயரவில்லை, நீண்டது. தேன்மொழிக்கு வழக்கமாக ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிற நடை அந்த வாரம் ஒன்றே முக்கால் ஆனது. இரண்டு புது வளைவுகள் முளைத்தன. நீண்டதால் ஏற்றம் தணிந்து, மாட்டுவண்டிகூட மூச்சு வாங்காமல் போயிற்று. சுமித்ரா தலையில் கை வைத்துக்கொண்டு, கல்லை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினாள். அவிழ்த்த நாலாம் நாள் மலை பழைய நீளத்துக்குச் சுருங்கியது. புது வளைவு இரண்டில் ஒன்று போகவில்லை. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

அதற்கப்புறம்தான் புத்தி வந்து, அடைகாக்கும் கோழியை விடுவது மாதிரி மலையைச் சும்மா விட்டார்கள். சர்வே கல்லின்மேல் சாக்கைப் போர்த்தினார்கள். சுண்ணாம்பு அடித்த சட்டியில் கரும்புள்ளி குத்தி உச்சி வேப்பமரத்தில் கவிழ்த்தார்கள். யாராவது அதிசயமாக நிமிர்ந்து பார்த்தால், 'இன்னா பெரிய மலை, குப்பைமேடு' என்று பேச்சை மாற்றினார்கள். சுமித்ரா மற்ற நாட்களின் பாதையை மதிப்பிடக் கர்நாடகத்துக்கும் நீலகிரிக்கும் போனாள். அந்த மலைகளையெல்லாம் மூன்று முறை அளந்தாள். அவை ஒன்றும் சொல்லவில்லை. போன இடமெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. அளக்காமல் ஒன்றை எப்படி மதிப்பது?

ஐப்பசியில் திரும்பி வந்து அதைத் தேன்மொழியிடமே கேட்டாள். "நீங்க எப்படிச் சொல்லுவீங்க, இது எவ்ளோ மலைன்னு?"

"ரெண்டு உருண்ட மலக்கா," என்றாள் தேன்மொழி, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. காலனியில் எல்லா மேட்டுக்கும் கேழ்வரகுக் களியில்தான் கணக்கு. காலையில் எத்தனை உருண்டை தின்றுவிட்டுக் கூடையோடு ஏறினால் உச்சிவரை தாங்குமோ, மலை அத்தனை உருண்டை. "ஆடில ரெண்டுக்குக் கொறஞ்சி பூட்டுது. ஒண்ணர துன்னாலே போதும்னு ஆச்சி. இப்ப ரெண்டு துன்னுட்டு ஏறினா கடசி வளைவுல கண்ணக் கட்டுது. ரெண்டர வெச்சிக்க."

சுமித்ராவுக்கு உடம்பு சிலிர்த்தது. பந்தயக்காரர்களும் இதைத்தானே செய்கிறார்கள்? மணிக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து, எத்தனை கலோரி என்று குழுவுக்கு ஒரு ஆளே வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்களே. களி உருண்டையை நாகலாபுரத்து மளிகைக் கடைத் தராசில் மூன்று முறை எடை போட்டாள். மூன்று முறையும் ஒரே எடை. அன்று சாயங்காலம் பயந்துகொண்டே ஏரிக்கரைக்குப் போய் வேப்பமரத்தைப் பார்த்தாள். மரம் தலையோடும் இடுப்போடும் நின்றது. தின்கிற சோற்றை அளந்தால் பிஞ்சுக்கு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

மிச்சம் இருந்தது இறக்கம். அவளுக்கு உறக்கத்தைக் கெடுத்ததும் அதுதான். அளக்காத வளைவில் இன்னொரு பிள்ளை விழுந்தால் அவள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஊரில் நடப்பாள்? தன் சைக்கிளில் நாற்பது முறை இறங்கிப் பார்த்தாள், போதவில்லை. தேன்மொழி சிரித்துக்கொண்டே தன் கூடையை அவள் தலையில் ஏற்றிவிட்டாள். எந்த வளைவு பொல்லாதது என்று கூடைக்குத் தெரியும், அது இழுக்கிற பக்கம்தான் ஆளும் போவான் என்றாள். பதினைந்து கிலோ சீத்தாப்பழத்தோடு சுமித்ரா இறங்கினாள். மூன்று வளைவு வரை கூடை சொன்னபடி கேட்டது. நாலாவதில், அந்தப் புதிதாக முளைத்து மிஞ்சிப்போன வளைவில், யாரோ பிடித்து இழுத்த மாதிரி வெளிப்பக்கம் பாய்ந்து பழமெல்லாம் பள்ளத்தில் உருண்டது. மறுநாளும் அதே வளைவு, அதே பக்கம். அதற்கு மறுநாளும். மூன்று முறை ஆயிற்று. பழத்துக்கு உண்டான விலையைத் தேன்மொழி கையில் கொடுத்துவிட்டு, அறிக்கையில் எழுதினாள்: நாலாம் வளைவில் ஆள் உயரத்துக்கு வைக்கோல் கட்டு, மூன்று அடுக்கு.

உயரம் என்ற இடத்தை வெறுமையாக விட்டாள். கடினம் என்ற இடத்தில் இரண்டரை உருண்டை என்று எழுதி, அதற்கு நேரான கலோரியையும் போட்டாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மூன்றாம் நாள் பந்தய இயக்குநர் சிவசங்கரன் சென்னையிலிருந்து கூப்பிட்டார். அவர் நிதானமான மனிதர், ரயில்வேயில் முப்பது வருஷம் கால அட்டவணை போட்டவர்.

"உயரம் போடலியேம்மா?"

"போட்டா மலை இருக்காது சார்."

"சரி, அந்த நூத்தைம்பது விதியை நான் பாத்துக்கறேன். பந்தயத்தன்னிக்கு நூத்தி முப்பத்தெட்டு சைக்கிள் ஏறும். ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர் இருக்கு, அதுவும் உயரத்தை அளக்கும். அப்ப என்ன பண்ணுவ?" என்றார். நூற்று முப்பத்தெட்டு விரல் ஒரே நேரத்தில் நீண்டால் பந்தயம் பாதி மலையில் இருக்கும்போதே அடியில் மலை இருக்காது. இதை எப்படி நினைக்காமல் விட்டோம் என்று சுமித்ராவுக்கு வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க யோசித்து அறிக்கையில் இன்னொரு வரி சேர்த்தாள். நாகலாபுரத்தில் வீரர்களுக்குச் சாப்பாட்டுப் பை கொடுக்கிற இடத்தில் மீட்டர்களைக் கழற்றி வாங்கிக்கொள்ள வேண்டும், பிச்சாட்டூரில் திருப்பித் தர வேண்டும். குழுக்கள் கத்தின. மீட்டர் இல்லாமல் எவ்வளவு வேகம் மிதிக்கிறோம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு பயிற்சியாளர் கேட்டார். கால் சொல்லும் என்று சிவசங்கரன் பதில் எழுதினார். சாலையும் போட்டார்கள். ஒப்பந்தக்காரர் மீட்டர் கணக்கைத் தொடாமல் தார் பீப்பாயை எண்ணியே வேலையை முடித்தார்.

தை மாதத்துக் கடைசிப் புதன்கிழமை பந்தயம் வந்தது. நாகலாபுரத்தில் காலனிப் பெண்கள் வரிசையாகக் கூடையோடு நின்றார்கள். மீட்டர் கூடைக்குள் விழுந்தது, வாழையிலையில் மடித்த களி உருண்டை கைக்குப் போனது. முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டாவது வளைவிலேயே அதை அவிழ்த்துத் தின்றார்கள். மலை ஆளைக் களைக்க வைத்தது, முந்தியிருந்தவனின் துணைகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு வெளிநாட்டு வீரர் மட்டும் இரண்டு மீட்டர் வைத்திருந்தார். ஒன்றைக் கூடையில் போட்டுவிட்டு இன்னொன்றைச் சட்டைப் பின்பையில் ஒளித்திருந்தார். மலை அவருக்கு மட்டும் தாழ்ந்துகொடுத்தது. மற்றவர்கள் எழுந்து நின்று மிதிக்கும்போது அவர் சமதளத்தில் போனார். அவர் தலை மற்றவர்களுடைய பெடல் உயரத்தில் போய்க்கொண்டிருந்தது என்று பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் அப்புறம் சாட்சி சொன்னார். உச்சி வந்தது, மீட்டர் அளந்து முடித்தது. அளந்து முடித்ததும் மலை தன் உயரத்துக்குத் திரும்பியது, அவரைத் தலையில் வைத்துக்கொண்டு. ஏறாத மலையிலிருந்து அவர் இறங்க ஆரம்பித்தார்.

சுமித்ரா நாலாம் வளைவில் நின்றிருந்தாள். தனியாக ஒருவர் வருவதையும், அவர் வருகிற வேகம் நாற்பது முறை இறங்கிய அவளுக்கே தெரியாத வேகம் என்பதையும் பார்த்தாள். கூடை இழுத்த அதே பக்கம் சைக்கிள் இழுத்தது. முதல் அடுக்கு வைக்கோல் பறந்தது, இரண்டாவது பிளந்தது, மூன்றாவது பிடித்துக்கொண்டது. அவள் ஓடவில்லை, அவள் கால் ஓடியது. வைக்கோலை இரண்டு கையாலும் வாரிப் போட்டாள். உள்ளேயிருந்து தும்மல் வந்தது. அப்புறம் ஒரு கை, ஒரு ஹெல்மெட், ஒரு ஆள். அவர் எழுந்து நின்றார். இடது காலை ஊன்றினார், வலது காலை ஊன்றினார். இரண்டும் தாங்கின. பின்பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பார்த்துவிட்டு, பிடிபட்டவர் முகத்தோடு அவளிடம் நீட்டினார். ஏறிய உயரம்: பூஜ்யம். சுமித்ரா அதை வாங்கிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்து, ஆறு வருஷமாக அழாத அழுகையை அழுதாள். மற்றவர்கள் அவளைக் கடந்து இறங்கிப் போனார்கள். ஒருவரும் விழவில்லை. கடைசி வண்டி போனபோதுதான், எத்தனை பேர் போனார்கள் என்று தான் எண்ணவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

அன்று திருப்பதியில் முந்தியிருந்தவன் இரண்டு நிமிஷத்துக்கு மேல் இழந்தான், சென்னைக் கடற்கரை வரை யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒளித்து வைத்தவர் முக்கால் மணி நேரம் பிந்தி வந்து சேர்ந்தார். அவருக்கு அபராதம் போடலாமா என்று நடுவர் குழு கேட்டபோது, மலை போட்டுவிட்டது என்று சிவசங்கரன் ஃபைலை மூடினார். அடுத்த வருஷத்துப் பாதையிலும் ஓணான்மலை உண்டு. மறுமதிப்பீட்டுக்குச் சுமித்ரா இந்த மார்கழியில் வந்தாள். சாலை போட்டதும் ஓடத் தொடங்கிய, நாகலாபுரத்திலிருந்து மலைவழியாகப் பிச்சாட்டூர் போகிற பஸ்ஸில், சீத்தாப்பழக் காலம் முடிந்து கொய்யாக் கூடையோடு வந்த தேன்மொழி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். காலனி தாண்டினதும் ஏற்றம் தாங்காமல் ஓட்டுநர் கியரை மாற்றினார். பந்தயத்துக்கு வந்தப்போ இரண்டாம் வளைவிலதானே மாத்தினாரு என்று சுமித்ரா கேட்டாள். "ஆமாக்கா, இப்ப இங்கியே மாத்திக்கினு கீறாரு," என்றாள் தேன்மொழி. எவ்வளவு என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பஸ் ஏறிக்கொண்டிருந்தது.